சாரலுக்கு முன் பூண்டைப் பத்திரப்படுத்துங்கள்

2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டின் கடைசியிலும் அதே கதைதான். நாட்டிலேயே பூண்டு அதிகம் விளைவது மத்தியப் பிரதேசத்தில். மந்த்சௌர், நீமச் பகுதிகள் அதில் முக்கியமானவை. அங்கே புரட்டாசி, ஐப்பசியில் நட்டு மாசி, பங்குனியில் அறுவடை செய்கிறார்கள். புதுச்சரக்கு வரும்போது விலை இறங்கும், அடுத்த நடவுக்காலத்தில் ஏறும். எனவே பங்குனியில் வாங்கி வைப்பவருக்கு லாபம். ஆனால் இலஞ்சியில் இருப்பவருக்கு நடுவில் ஒரு தடை உண்டு: ஆனி, ஆடியில் வீசும் குற்றாலச் சாரல்.

உலர்ந்த பூண்டுக்குக் காற்றில் 60 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும். சாரல் நாளில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். முளைப்பும் கரும்பூஞ்சையும் வருவது அதனால்தான். தோலுக்கடியில் கறுப்புப் பொடி தெரிந்தால் அந்தப் பூண்டைத் தனியே எடுத்துவிடுங்கள்.

தாளோடு பச்சையாகக் கிடைத்தால் சிறு கட்டுகளாகக் கட்டி, நிழலில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். கழுத்துப் பகுதி சருகாகக் காய்ந்த பிறகே தாளை நறுக்க வேண்டும். பிறகு வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். பாலித்தீன் பை கூடாது. முழுப்பூண்டை ஃபிரிட்ஜில் வைப்பதும் வீண்வேலை. 5 முதல் 10 டிகிரி குளிரில் அது சீக்கிரம் முளைத்துவிடும். உரித்த பற்களை ஃபிரீசரில் வைத்தால் பல மாதம் தாங்கும், கொஞ்சம் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான்.

எண்ணெயில் ஊறவைக்கும் பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் அவை சாவதில்லை. எண்ணெய்க்குள் காற்றும் இல்லை, புளிப்பும் இல்லை என்பதால் அங்கே வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். 1985-இல் கனடாவின் வான்கூவரில், குளிர்பதனம் செய்யாமல் வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். வாசனையிலோ நிறத்திலோ எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். எண்ணெயில் போட்டால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

புளிப்பு இருந்தால் அந்த நுண்ணுயிரி வளராது. அமிலத்தன்மை அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். புளியங்குடி எலுமிச்சை நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதன் சாற்றையோ வினிகரையோ பற்கள் மூழ்கும்வரை ஊற்றி ஊறுகாய் போடுங்கள். மேலாகத் தெளித்தால் போதாது. பற்கள் பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயப்பட வேண்டாம், அது புளிப்பால் வரும் நிறம்.

சித்திரை வெயில் இருக்கும்போதே மெல்லிய வில்லைகளாக நறுக்கிக் காயவைக்கலாம். உலர்த்தி இருந்தால் 60 டிகிரி வைத்தால் போதும். வளைத்தால் முறிய வேண்டும். இறுக மூடிய கண்ணாடி பாட்டிலில் வில்லையாகவே வைத்து, தேவைக்குத் தகுந்தபடி பொடித்துக்கொள்ளுங்கள். சாரல் நாளில் பொடி சீக்கிரம் கட்டிதட்டிவிடும்.