தணலும் கொல்லும்: குளிருக்கு லயத்தில் என்ன வழி?

மார்கழி, தை இரண்டு மாதமும் பூண்டுலோயாவில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியக்காலை கொழுந்து மலைக்குப் போனால் விரல் மரத்துப்போகிறது. மாலையில் நனைந்து வீடு திரும்பினால் அங்கேயும் குளிர். தகரக் கூரை இரவில் பனிக்கட்டி போலாகிறது. சிமெந்துத் தரை பாயைத் தாண்டி முதுகில் ஏறுகிறது.

அதனால் நம்மில் பலர் ஒரு வேலை செய்கிறோம். இராச்சாப்பாடு முடிந்ததும் அடுப்புத் தணலைப் பழைய தாச்சியில் அள்ளி, படுக்கும் காம்பராவுக்குள் வைக்கிறோம். சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணிக்கிறோம். "புகை இல்லையே, தணல்தானே" என்று நிம்மதியாகப் படுக்கிறோம்.

இந்த நிம்மதிதான் ஆபத்து. புகை கண்ணை எரிக்கும், இருமலைத் தரும்; நாம் எழுந்து வெளியே போவோம். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கும்; தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரியடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழும்பவில்லை. நம் காம்பராவில் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து படுக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வேறு வழி? மின்சார ஹீட்டர் வாங்கலாம் என்பார்கள். 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். இரவுக்கு 4 மணி நேரம் போட்டால் மாதம் 240 யூனிட். நாட்சம்பளக் குடும்பத்தால் அந்த பில்லைக் கட்ட முடியுமா? பழைய லயத்து வயர் அந்தச் சுமையைத் தாங்குமா? ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் ஒரே கூரையின் கீழ் உள்ள அத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும். மண்ணெண்ணெயும் உதவாது. அதன் புகையும் வீட்டுக்குள்தான் நிற்கும். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானதையும் நாம் மறக்கவில்லை.

இன்றிரவே செய்யக்கூடியவை சில உண்டு. தணலை அடுப்படியிலேயே விடுங்கள். அங்கே குளிர் காயும்போது கதவையோ சன்னலையோ கொஞ்சம் திறந்து வையுங்கள். நெருப்பை அணைத்துவிட்டுப் படுங்கள். பாய்க்குக் கீழே படங்கும் சாக்கும் விரியுங்கள். தரைக் குளிர் பாதி குறையும். இறப்பர்ப் பையில் சுடுநீர் ஊற்றி, துணி சுற்றி, கம்பளிக்குள் வைக்கலாம். கவ்வாத்து மிலாறை நன்றாகக் காயவைத்து எரியுங்கள். ஈர விறகின் புகையில் முதலில் கெடுவது அடுப்பின் முன் நிற்கும் பெண்ணின் நெஞ்சு.

ஆனால் சாக்கும் கம்பளியும் தீர்வாகாது. பழைய துரை பங்களாக்களைப் பாருங்கள். அறைக்குள் குளிர்காயும் அடுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி, கூரைக்குக் கீழே பலகைத் தட்டு. இந்த மலையில் குளிர் என்று வெள்ளைக்காரனுக்கு அன்றே தெரிந்திருந்தது. அதே தோட்டத்தில் அதே குளிரில் நமக்குக் கட்டியது எட்டடிக் காம்பரா. அதில் புகை போக வழியும் வைக்கவில்லை, சூடு நிற்க வழியும் வைக்கவில்லை.

"7 பேர்ச் காணியில் தனிவீடு வரும், அதுவரை பொறுங்கள்" என்பது வழக்கமான பதில். தனிவீடு நமது உரிமை. அந்தக் கோரிக்கையில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஆனால் வீடு வரும்வரை எத்தனை மார்கழி போகும்? அதுவரை லயத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்போம். ஒவ்வோர் அடுப்படிக்கும் புகைபோக்கி, தகரத்துக்குக் கீழே சீலிங், ஒழுகாத கூரை, ஒழுங்கான வயரிங். புதிய வீடுகளின் திட்டத்திலும் இவை முதலிலேயே இடம்பெற வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரே, அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் எந்தெந்தக் காம்பராவில் புகைபோக்கி இல்லை என்று பட்டியல் எடுங்கள். அதை எழுத்தில் நிர்வாகத்திடம் கொடுங்கள். பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சம்பளத்துக்கு ஒன்றாக நின்ற நாம் இதற்கும் ஒன்றாக நிற்போம்.

பட்டியல் தயாராகும்வரை ஒன்றை மட்டும் செய்யுங்கள். இன்று இரவு அந்தத் தாச்சியைப் படுக்கும் காம்பராவுக்குள் கொண்டுபோகாதீர்கள்.