மார்பகக் கட்டியில் ஊசி போட்டால் புற்றுநோய் பரவுமா?

"கட்டி பாட்டுக்குக் கெடக்குது. ஊசியில குத்துனா பரவிடுமுங்க!" காரமடைப் பக்கம் மட்டுமல்ல, பல ஊர்களிலும் பெண்கள் சொல்லும் பயம் இது. டாக்டர் எழுதிக்கொடுத்த 'எஃப்.என்.ஏ.சி.' சீட்டு பீரோவிலேயே தூங்குவதற்கும் இதுதான் காரணம்.

முதலில் பதில்: ஊசி போன வழியில் சில செல்கள் சிந்துவது உண்டு. ஆனால், அதனால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. சீட்டு பீரோவில் இருக்கும் மாதங்களில்தான் நோய் வளரும்.

என்ன செய்வார்கள்?

ரத்தம் எடுக்கும் ஊசியைப்போல மெல்லிய ஊசிதான். கட்டிக்குள் செலுத்தி, செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

லேபில் என்ன நடக்கிறது?

எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தடவுவார்கள். சிலவற்றைக் காற்றில் உலரவிட்டு, சிலவற்றை உடனே ஆல்கஹாலில் போட்டு, சாயம் ஏற்றுவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சாதாரணக் கட்டியின் செல்கள் தேன்கூடுபோல ஒட்டி வரிசையாக இருக்கும். புற்றுநோய் செல்கள் பெரும்பாலும் சிதறி, உட்கரு பெருத்து, ஒழுங்கில்லாமல் இருக்கும். 1930-லேயே நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் இப்படி ஊசியில் செல் எடுத்துக் கட்டிகளைக் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

முடிவு 5 வகையாக வரும்: செல்கள் போதவில்லை, சாதாரணக் கட்டி, சற்று மாறுபட்ட செல்கள், புற்றுநோய் சந்தேகம், புற்றுநோய்.

இதில் பலர் ஏமாறுவது முதல் வகையில். 'செல்கள் போதவில்லை' என்றால் 'ஒண்ணுமில்லை' என்று அர்த்தமல்ல. மறுபடி பரிசோதிக்க வேண்டும். 'சாதாரணக் கட்டி' என்று வந்தாலும், கையால் பார்த்ததும் ஸ்கேனும் அதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று இடித்தாலும், சற்றுப் பெரிய ஊசியில் சதைத் துணுக்கு எடுக்கும் 'கோர் பயாப்ஸி' செய்யச் சொல்வார்கள். புற்றுநோய் என்றால், எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ளவும் அந்தத் துணுக்கு வேண்டும். இரண்டாவது ஊசி என்றதும் பயந்து நின்றுவிடாதீர்கள்.

இளம் பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை 'ஃபைப்ரோஅடினோமா' போன்ற சாதாரணக் கட்டிகளே. அதை உறுதி செய்யவும் பரிசோதனை வேண்டுமே!

காரமடையிலிருந்து பஸ் ஏறினால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம். பழைய ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்க. அம்மாவோ அக்காவோ தனியாகப் போகத் தயங்கினால், நீங்களும் கூடப் போங்க.