கழுவிவிட்டால் சரியா?



சென்ற இதழில் கையுறை, சப்பாத்து பற்றி எழுதியிருந்தேன். "உங்களுக்கு நடந்த கதை ஏதாவது எழுதுங்கோ" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த முறை அதையே எழுதுகிறேன்.

2013 மாரி காலம். கிழமை நாட்களில் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. சனி இரவுகளில் ஏஜென்சி மூலம் ஒரு ட்றக் கொம்பனியில் சாமான் ஏற்றி இறக்குவேன். என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. அங்கே புதிதாகச் சேர்ந்த எங்கட தம்பி ஒருவர் போர்க்லிப்ட் ஓட்டினார்.

அன்றிரவு அவர் ட்ரெயிலருக்குள் இருந்து ஒரு மரப் பலற்றை வெளியே எடுத்தபோது, அதிலிருந்த நீலப் பீப்பாய் ஒன்றின் அடியால் ஏதோ ஒழுகியது. சீமெந்துத் தரையில் பட்ட இடமெல்லாம் நுரைத்தது. சுப்பர்வைசர் ஓடிவந்து, "நீதான் குத்தி ஓட்டையாக்கினாய்" என்று தம்பியைப் பேசினார். பலற்றை உடைத்துக் குப்பையில் போடச் சொன்னார். என்னிடம் தண்ணீர்க் குழாயைக் காட்டி, வெளியே இருக்கும் கானுக்குள் கழுவிவிடச் சொன்னார்.

"அண்ணை, கெதியாக் கழுவுங்கோ. இல்லாட்டி என்னை நிப்பாட்டிப் போடுவினம்" என்றார் தம்பி. நானும் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். ஏன் மறைப்பான்? வேலை போய்விடும், பொலிஸ் வந்தால் வழக்கும் பழுதாகிவிடும் என்று பயம்.

எங்களைத் தடுத்தவர் அந்த ட்றக்கை ஓட்டிவந்த பஞ்சாபிக்காரர். பீப்பாயில் ஒட்டியிருந்த சாய்சதுர லேபலைக் காட்டினார். ஊற்றுப்பட்ட திரவம் ஒரு கையை அரிக்கும் படம், கீழே 8 என்ற இலக்கம். அரிக்கும் பொருள் என்று அர்த்தம். அவர் கொண்டுவந்த தாளில் யூ.என். 1830 என்று இருந்தது. சல்பூரிக் அமிலம். நான் ஓ.எல். வரைதான் படித்தவன். ஆனாலும் கடும் அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும் என்று விஞ்ஞான வாத்தியார் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. குழாயைப் போட்டுவிட்டு "நோ வோட்டர், நோ வோட்டர்" என்று கத்தினேன். அவ்வளவுதான் என் ஆங்கிலம்.

பஞ்சாபிக்காரர் ட்றக்கில் இருந்த தோடம்பழ நிற அவசர வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்துவந்தார். எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும் என்று அதில் இருந்தது. விலகிப் போகும்போது கான் வாய்க்கு முன்னால் மட்டும் காய்ந்த மணல் மூட்டைகளை அடுக்கினோம். பனிக்குப் போடும் உப்பு மூட்டைகளும் பக்கத்தில் இருந்தன. நல்லகாலம், அதைத் தொடவில்லை. கடும் சல்பூரிக் அமிலத்தோடு உப்புச் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்று பிறகுதான் அறிந்தேன். மரத்தூளும் கூடாது, கருகும். அதற்கிடையில் அவர் ரெலிபோன் எடுத்து அறிவித்துவிட்டார்.

துப்புரவுக்காரர் முழு உடுப்போடு வந்து, அமிலத்தை முறிக்கும் தூளை ஓரத்தில் இருந்து மெல்ல மெல்லப் போட்டு, அள்ளி, மூடிய பீப்பாய்களில் கொண்டுபோனார்கள். சுற்றாடல் அமைச்சு அதிகாரி நிறம் மாறும் கடதாசியைக் கானுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு ட்ரெயிலருக்குள் ஏறினார். பீப்பாய் நின்ற இடத்தில் மரத்தரை கருகிக் கறுத்திருந்தது. பலற்றைத் திருப்பிப் பார்த்தால், பீப்பாய் இருந்த இடத்தில் ஒரு ஆணி மேலே நீட்டிக்கொண்டு நின்றது. போர்க்லிப்ட் தொடுவதற்கு முன்பே, வரும் வழியிலேயே ஒழுகத் தொடங்கிவிட்டது. தம்பியில் பிழை இல்லை.

பலற்றை உடைத்து, தரையையும் கழுவியிருந்தால் அவருடைய சாட்சியையும் எங்கள் கையாலேயே அழித்திருப்போம். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

மழைத்தண்ணீர் போகும் கான் பெரும்பாலான இடங்களில் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. கிணற்றை நம்பி வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1985 ஏப்ரலில் கெனோறாவுக்கு அருகே ஒரு ட்றக்கில் போன ட்ரான்ஸ்போமரில் இருந்து பி.சி.பி. எண்ணெய் நெடுஞ்சாலை நெடுக ஒழுகியது. 1979இல் நிறைவேறிக் கிடப்பில் கிடந்த ஒன்ராறியோவின் கசிவுச் சட்டம் அதற்குப் பிறகுதான், அந்த ஆண்டு நவம்பரில், நடைமுறைக்கு வந்தது. பொருளைக் கையில் வைத்திருந்தவர் உடனே அறிவிக்கவேண்டும், துப்புரவாக்கவேண்டும் என்பது சட்டம். அறிவிக்கும் இலக்கம் 1-800-268-6060. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் 911.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதன்பிறகு இரண்டு சனிக்கிழமை ஏஜென்சி என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் கிழமைதான் கூப்பிட்டார்கள். ஆபத்தான வேலையை மறுத்ததற்காகத் தண்டிக்கக்கூடாது, தண்டித்தால் தொழில் உறவுகள் சபையில் முறையிடலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஏஜென்சி வேலையாட்களுக்கும், வழக்கு முடியாதவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. கசிவை விசாரிக்க வருபவர் வேறு, அகதி வழக்கை விசாரிப்பவர் வேறு.

ஆகவே, ஏதாவது ஒழுகினால் முதலில் விலகி நில்லுங்கள். தூர நின்று லேபலைப் பாருங்கள். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். என்னவென்று தெரியும்வரை தண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள்.

அந்தத் தம்பி இப்போது சொந்த ட்றக் ஓட்டுகிறார். வண்டியில் அந்தத் தோடம்பழ நிறப் புத்தகம் இருக்கிறது.