கேட்காமல் வந்த கவிதைகள்

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியது விமர்சனத்துக்காக. சிறுகதையும் நாவலும் வளர்ந்த அளவுக்கு அவற்றை எடைபோட்டுப் பார்க்கும் எழுத்து தமிழில் வளரவில்லை என்ற ஆதங்கம் அவருக்கு. ஆனால் இன்று ‘எழுத்து’ என்றதும் வாசகர் நினைவுக்கு முதலில் வருவது புதுக்கவிதைதான்.

முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ என்ற கவிதை இடம்பெற்றது. ஏற்கெனவே அச்சானது, யாப்பை உதறியது. அதைப் படித்தவர்களிடம் ஏதோ அசைந்தது. புனைகதைக்காரராக அறியப்பட்டிருந்த சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்பினார். சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன் என்று வரிசை நீண்டது. கடல் கடந்து திருகோணமலையிலிருந்து எழுதினார் தருமு சிவராமு. பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்ட அவர் பிறந்தது 1939இல். அப்போது இருபதை ஒட்டிய வயது.

செல்லப்பா இவற்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. விமர்சன ஏடு என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம். பண்டிதர்கள் இதெல்லாம் கவிதையே இல்லை என்று முகம் சுளித்த காலம். அவரோ வந்தவற்றைப் படித்தார், பக்கம் ஒதுக்கினார், அவற்றைப் பற்றித் தாமே விரிவாக எழுதவும் செய்தார். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பாயின. விமர்சனமும் கைவிடப்படவில்லை, வெங்கட் சாமிநாதனின் ‘பாலையும் வாழையும்’ கட்டுரை வந்ததும் ‘எழுத்து’வில்தான்.

 

பணம் மட்டும் கடைசிவரை சேரவில்லை. தாம் நடத்திய எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் செல்லப்பா. 119 இதழ்களோடு 1970இல் ‘எழுத்து’ நின்றது. தம் பெரிய நாவலான ‘சுதந்திர தாக’த்தையும் 1997இல் அவரேதான் வெளியிட வேண்டியிருந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல்.

செல்லப்பாவைப் போலன்றி, இன்று சிற்றிதழ் நடத்துவோர் பலரும் தெரிந்த பெயர்களாகப் பட்டியலிட்டுப் படைப்புக் கேட்கிறார்கள். இதழ் நன்றாகவே வருகிறது. புதிய குரல் மட்டும் வருவதில்லை. அறிமுகமில்லாத ஒருவர் அனுப்பிய உறையைப் பிரித்து, கடைசி வரிவரை படிப்பது ஆசிரியரின் முதல் வேலை. அதைத் தள்ளிப்போடும் இதழுக்குச் சிற்றிதழ் என்ற பெயர் பொருந்தாது.

முதல் படைப்பைக் கையில் வைத்துத் தயங்குகிறவர்கள் அனுப்பட்டும். வாசகர்கள் நினைவூட்டும்வரை காத்திராமல் ஆண்டுச் சந்தாவைக் கட்டட்டும். படித்தது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏன் என்று காரணத்தோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும்.