விஞ்ஞானமா? வேடிக்கையா?

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சென்று பிள்ளைகளுக்கு விஞ்ஞான சோதனைகள் செய்து காட்டும் வேலை நம் நாட்டில் பெருகி வருகிறது. 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் இதைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். சர்க்காரும் 2022 நவம்பரில் ‘வானவில் மன்றம்’ என்ற பேரால், 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களுடன் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். இவர்களன்றிக் கூலி பேசிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்கும் இந்தக் கூட்டத்தில் நாமும் சேர்ந்தவர்களே. இது சந்தோஷப்பட வேண்டிய காரியம் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்த வேலைக்குப் போடப்படும் ஒரு நிபந்தனையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

“விஞ்ஞானத்தைக் காட்டுங்கள், நம்பிக்கையைத் தொடாதீர்கள்” என்பதே அந்த நிபந்தனை. பல ஊர்களில், பெட்டியைத் திறக்கு முன்பே தலைமை உபாத்தியாயர் நம்மைத் தனியே அழைத்து, “ஐயா, பிள்ளைகள் சிரிக்கும்படி நாலு சோதனை செய்துவிட்டுப் போங்கள். சாமி, பூதம் விஷயமெல்லாம் வேண்டாம், பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள்” என்கிறார்.

இவ்விரண்டையும் எந்தக் கத்தியால் பிரிப்பது என்று கேட்கிறோம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சுண்ணாம்பு போட்டால் இரத்தம்போல் சிவக்கிறது. எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிறது. மஞ்சளிலுள்ள சாயச் சத்து காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். இவ்வளவுதான் பாடம். இதைச் செய்யும்போது தலைமை உபாத்தியாயரும் சேர்ந்து கை தட்டுகிறார். ஆனால் இதே சிவப்புத் தண்ணீர்தான் வீட்டில் ஆலத்தித் தட்டிலேறித் திருஷ்டி கழிக்கிறது. மஞ்சள் தடவிய துணியில் சுண்ணாம்பு நீரைத் தெளித்து, “பார், செய்வினை இரத்தம்!” என்று மிரட்டி, ஏழைப் பெண்பிள்ளையின் காதுத் தோட்டைக் கழற்ற வைப்பதும் இதே சரக்குத்தான். பர்மாங்கனேட் தூளின்மேல் கிளிசரினை விட்டால் சிறிது நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கிறது. வகுப்பில் செய்தால் அதற்கு ‘இரசாயன மாற்றம்’ என்று பேர். கிளிசரினை நெய் என்று சொல்லி, மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே ஓமகுண்டத்தில் ஊற்றினால் ‘அக்கினி பகவான் பிரசன்னமானார்’ என்று பேர். முன்னதைக் காட்டலாம், பின்னதைச் சொல்லக்கூடாது என்றால், பையன் காலையில் நமக்குக் கை தட்டிவிட்டு, மாலையில் சாமியாருக்குத் தட்சிணை கொடுக்கப் போகட்டும் என்பதுதானே அர்த்தம்?

“பாடத்தைச் சொல்லிவிட்டால் போதும், மற்றதைப் பிள்ளைகள் தாங்களே தெரிந்துகொள்வார்கள்” என்று சில படித்தவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். 1995 செப்டம்பர் 21-ல் நடந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்! பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கிளம்பிய புரளியில், தேசமெங்கும் செம்பும் கரண்டியுமாக வரிசையில் நின்றவர்கள் எழுத்து வாசனை இல்லாதவர்கள் மாத்திரமா? வக்கீலும், டாக்டரும், உபாத்தியாயரும் நின்றார்கள். ஈரச் சிலையில் கரண்டியின் விளிம்பு பட்டால் பால் பரப்பு இழுவிசையால் இழுக்கப்பட்டு, மெல்லிய படலமாகச் சிலையின் மேலேயே வழிந்து போகும். இந்தப் பரப்பு இழுவிசை பள்ளிப் புஸ்தகத்தில் உள்ள பாடந்தான். அதை எழுதி மார்க்கு வாங்கியவர்களே கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாடத்தையும் பிள்ளையாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட எந்த வாத்தியாரும் துணியாததன் பலன் அது.

இந்த நிபந்தனை பெரிய விஞ்ஞானிகளின் வழக்கம் என்றும் யாரும் சொல்ல முடியாது. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-ல் தொடங்கிய சிறுவர் பிரசங்கங்களைப் பலமுறை நடத்தியவர் மைக்கேல் பாரடே. அவர் கருமான் வீட்டுப் பிள்ளை. புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகி, பைண்டுக்கு வந்த புஸ்தகங்களையே படித்து அறிவு பெற்றவர். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து அதிலிருந்தே ஒரு தொடர் பிரசங்கம் செய்தார். அக்காலத்தில் சீமைக் கனவான்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆவி வந்து அதை நகர்த்துகிறது என்று நம்பினார்கள். பாரடே 1853-ல் கைக்கும் மேஜைக்கும் நடுவே நகரும் அட்டைகளை வைத்து, மேஜை நகருமுன் கைதான் நகருகிறது, தள்ளுகிறவனுக்கே அது தெரிவதில்லை என்று ருசுப்படுத்திப் பத்திரிகையிலும் எழுதினார். இத்தனைக்கும் அவர் கடவுள் பக்தியுள்ளவர்! அவருக்கில்லாத பயம் நம் தலைமை உபாத்தியாயர்களுக்கு ஏன்?

“ராக்கெட் விடுகிறவர்களே திருப்பதிக்குப் போகிறார்களே” என்பார்கள். போகட்டும். 2019-ல் சந்திரயான்-2 புறப்படு முன்னும் கும்பிட்டார்கள். அதன் இறங்கு கலம் நிலாவில் மோதி நொறுங்கியது. பிழை எங்கே என்று கணக்குப் பார்த்துத் திருத்தினார்கள். 2023 ஆகஸ்டு 23-ல் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. இரண்டு தடவையும் கும்பிடு ஒன்றுதான், மாறியது கணக்கு. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

நம் தொழில்காரர்களிலும் சிலர் ‘விஞ்ஞான மாயாஜாலம்’ என்று போர்டு எழுதிக்கொண்டு, புகையும் வெடியும் காட்டி, காரணம் சொல்லாமலே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். நானூறு பிள்ளைகள் வெயிலில் தரையில் உட்கார்ந்திருக்க, தொடுகிறவன் இவன் ஒருவனே. பெண் குழந்தைகளுக்குக் கடைசி வரிசை. இவனுக்கும் கைக்குள் விபூதி உருண்டையை மறைத்து வைத்திருப்பவனுக்கும் என்ன வித்தியாசம்? சாமியாராவது தினம் வருகிறான்!

பயப்படக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மராட்டியத்தில் 1989-ல் மூடநம்பிக்கை ஒழிப்புச் சமிதி கண்டு, ‘அற்புதங்களை’ விளக்கி வந்த நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்டு 20-ல் பூனாவில் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் நம் பள்ளிகளுக்கு வரும் ஆபத்து, மிஞ்சினால் ஒரு மொட்டைக் கடிதம். விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் உணர்ச்சியையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ல் செய்த திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. மொட்டைக் கடிதத்துக்குப் பதிலாக அதை நகல் எடுத்து நீட்டலாமே!

நிற்க, நம்மை அழைக்கும் பள்ளிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் எத்தனை பேர், தண்ணீர் வசதி உண்டா என்று எழுதுங்கள். ஒரு வகுப்புக்கு மேல் ஒரே சமயத்தில் உட்கார வைக்காதீர்கள். மஞ்சளையும் சுண்ணாம்பையும் பிள்ளைகளே தொட்டுக் கலக்க வேண்டும், முடிவில் அரைமணி நேரம் அவர்கள் கேள்வி கேட்க வேண்டும். பணம் முன்பின்னாக இருந்தாலும் பாதகமில்லை. ‘விளக்கமும் சொல்லலாம்’ என்று ஒரு வரி மட்டும் கடிதத்தில் கண்டிப்பாய் இருக்க வேண்டும். அந்த வரியில்லாத கடிதத்துக்கு நாம் பெட்டியைத் தூக்குவதாக இல்லை.