கருந்துளை பொங்கினால் யார் பார்க்கலாம்?

போன சுவரிதழில் "கருந்துளையைப் பார்க்கவே முடியாது" என்று ஒரு துணுக்கு வந்திருந்தது. அது பாதிதான் சரி. மீதியை நான் சொல்கிறேன். சொல்லிவிட்டு ஒரு நியாயமும் கேட்கப் போகிறேன்.

அன்னப்பறவை மண்டலத்தில் வி404 சிக்னி என்று ஒரு ஜோடி இருக்கிறது. ஒன்று, சூரியனைப் போல சுமார் 9 மடங்கு நிறையுள்ள கருந்துளை. இன்னொன்று சூரியனைவிட நிறை குறைந்த நட்சத்திரம். ஆறரை நாளைக்கு ஒரு சுற்று. நட்சத்திரத்தின் வாயு கருந்துளைப் பக்கம் வழிந்துகொண்டே இருக்கும். ஆனால் நேரே உள்ளே விழாது. சுற்றிச் சுற்றித் தட்டு மாதிரி சேரும். மடை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து சேர்ந்து ஒருநாள் சூடேறி உள்ளே பாயும். அப்போது பல லட்சம் டிகிரி வெப்பத்தில் எக்ஸ் கதிர் கொட்டும். அது கருந்துளைக்கு உள்ளேயிருந்து வருவதில்லை, விழுவதற்கு முன்னாலேயே வருவது. எக்ஸ் கதிரை நம் காற்று தடுத்துவிடும் (நல்லவேளை!). அதனால் செயற்கைக்கோளிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

1989-ல் ஜப்பானின் ஜிங்கா செயற்கைக்கோள் இது பொங்கியதைப் பார்த்தது. அப்புறம் 26 வருஷம் சத்தமே இல்லை. 2015 ஜூன் 15-ல் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் மறுபடி பிடித்தது. சில நேரம் நண்டு நெபுலாவைவிட 50 மடங்கு பிரகாசமாம்! தூரம் சுமார் 7,800 ஒளியாண்டு. அப்படியானால் அது நடந்து அத்தனை வருஷம் ஆகிவிட்டது, சேதிதான் 2015-ல் வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். அந்தச் சமயம் சாதாரண வெளிச்சத்திலும் அது மினுக்கியது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்த மாரிகோ கிமுரா என்ற பெண்தான் முதல் ஆளாக நின்று, மற்றவர்களோடு சேர்ந்து 2016-ல் நேச்சர் இதழில் அதை எழுதினார். 20 செ.மீ. டெலஸ்கோப் இருந்தாலே பார்த்திருக்கலாமாம். நம்ம அடிஸ்கேல் நீளம்கூட இல்லை.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். போன மாதம் ராத்திரி வானம் பார்க்கும் நிகழ்ச்சிக்கு மாணவர்கள் மட்டும் வரலாம், மாணவிகள் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றார்கள். நானும் கேட்டேன். "சனிக்கு வளையம் இருந்துச்சு" என்று ஒரு பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான். அவ்வளவுதான்.

இருட்டு, பாதுகாப்பு என்கிற காரணம் புரிகிறது. ஆனால் புரட்டாசியில் எட்டு மணிக்கே அன்னம் வடக்கே உயரத்தில் நிற்கும். எட்டரைக்கு முடித்துவிடலாம். அம்மாக்களையும் கூப்பிடலாம். எங்க அம்மாகிட்ட கேட்டேன், "நானும் டெலஸ்கோப்ல பார்த்ததில்லடி, வர்றேன்"னு சொல்லிட்டாங்க. அடங்கியிருக்கும்போது வி404 சின்ன டெலஸ்கோப்பில் தெரியாதுதான். அது பையன்களுக்கும்தான் தெரியாது! இருக்கிற இடத்தையாவது பார்த்து வைத்துக்கொள்கிறோம்.

பதினோரு மாணவிகள் பேர் கொடுத்திருக்காங்க. பட்டியல் என்கிட்ட இருக்கு, சார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி