கடை விரிக்குமுன் கணக்குப் பார்ப்போம்



திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம் கால் நூற்றாண்டில் அடையாளம் தெரியாதவாறு மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ – நிஸான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்பீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. இப்பெரும் மதில்களின் நிழலில் இரண்டு லேத்தும் ஒரு துளையிடும் எந்திரமும் வைத்துப் பிழைக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அவற்றை நடத்துவோரில் நம் சமுதாயத்தவரும் உள்ளனர்.

இப்பட்டறைகளுக்குத் தொழிற்கண்காட்சி அழைப்புகள் அடிக்கடி வருகின்றன. ‘அரங்கு எடுங்கள்; ஆயிரக்கணக்கானோர் உங்கள் பொருளைக் காண்பார்கள்’ என்பதே அவற்றின் சாரம். செலவிட்டு அரங்கு எடுப்பவருக்கு இக்காலத்தில் அதனால் பயன் உண்டா? இக்கேள்விக்கான விடையில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே அடங்கியிருக்கிறது.

நம் மதரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் தந்தை அண்மையில் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், வீட்டில் நகையைக் கழற்றித் தருகிறேன் என்கிறார்கள். அடகு வைத்து ஸ்டால் போடலாமா?” என்று கேட்டார். அவருடைய பட்டறைக்கு வேலை தருவது ஒரே ஒரு நிறுவனம். அந்த அச்சமே அவரைக் கண்காட்சியின் பக்கம் தள்ளியது. இந்நிலையில் இருப்பவர் அவர் ஒருவரல்லர் என்பதால் இதனை இங்கு விரிவாக எழுதுகிறேன்.

வாங்குவோரும் விற்போரும் குறித்த காலத்தில் ஓரிடத்தில் கூடுவது மிகப் பழைய வழக்கம். தாயிஃபுக்கு அருகில் கூடிய உக்காழ் சந்தையை நாம் அறிவோம். ஹஜ் காலத்தில் வாணிபம் செய்தல் குற்றமாகுமோ எனத் தயங்கியவர்களுக்கு, அதில் குற்றமில்லை என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 198-ஆம் வசனம் தெளிவாக்கியது. பின்னாளில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1895-இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. சரக்கு முழுவதையும் சுமந்து வருவதற்குப் பதிலாக மாதிரியை மட்டும் காட்டி ஆர்டர் பெறும் மாதிரிச் சந்தை அங்கு தோன்றியது. இன்றைய தொழிற்கண்காட்சிகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பாரும் உளர். அவர்கள் கூற்றுக்குச் சான்றுகளும் உண்டு. ஹானோவரில் புகழோடு நடந்த ‘செபிட்’ கணினிக் கண்காட்சி 2018-உடன் நின்றது. 1905-இல் தொடங்கிய ஜெனீவா மோட்டார் கண்காட்சி, கொரோனாவால் தடைப்பட்டு, 2024-இல் ஒரு முறை நடந்து, பின் அந்நகரில் முடிவுக்கு வந்தது. புதிய காரையோ கணினியையோ கைப்பேசியிலேயே உலகுக்குக் காட்டிவிட முடியும் என்றான பின், பெரு நிறுவனங்கள் அரங்கு வாடகையைச் சுமையாகக் கருதின.

ஆனால் நம் அருகிலேயே வேறொரு காட்சியைக் காண்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் இரண்டாண்டுக்கு ஒரு முறை நடத்தும் ‘அக்மீ’ எந்திரக் கருவிக் கண்காட்சி இடம்பெறும் நந்தம்பாக்கம் வர்த்தக மையம், 2020-இல் கொரோனா நோயாளிகளின் படுக்கைகளால் நிறைந்திருந்தது. இருப்பினும் 2023-இலும் 2025-இலும் அக்கண்காட்சி மீண்டும் நடந்தது. காரணம் என்ன? ஓர் எந்திரம் இரும்பைச் சீவும் ஓசையையும், சீவிய பரப்பின் வழவழப்பையும், அதை இயக்குபவரின் அறிவையும் படத்தில் காண இயலாது. நேரில் தொட்டுப் பார்த்தே தீர வேண்டிய பொருளுக்குக் கண்காட்சி இன்னும் உயிரோடு இருக்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு செல்கிறோம்; அப்பளமும் வளையலும் அங்கேயே விற்றுப் பணமாகின்றன. தொழிற்கண்காட்சி அத்தகையதன்று! அங்கு எவரும் பணப்பையைத் திறந்து உதிரிபாகம் வாங்குவதில்லை. கார் நிறுவனம் தன் நேரடி வழங்குநரிடம் வாங்கும். அவர் அடுத்த நிலையிலுள்ளவரிடம் வாங்குவார். அதற்கும் அடுத்த நிலையில் நிற்பதே நம் பட்டறை. மாதிரி கேட்பார்கள், அளவெடுப்பார்கள், பட்டறையை வந்து பார்ப்பார்கள், தரச்சான்று கேட்பார்கள். அதன் பின்னரே முதல் ஆர்டர்.

ஆகவே கணக்கை இவ்வாறு பார்ப்போம். சிறிய அரங்கு பொதுவாக ஒன்பது சதுர மீட்டர். வாடகை, வரி, விளக்கு, பெயர்ப்பலகை, விவரத்தாள், போக்குவரத்து, அந்நாட்களில் பட்டறையில் நின்றுபோகும் வேலை ஆகிய அனைத்தும் சேர்ந்து இரண்டு இலட்சம் ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஓர் உருப்படியில் நிகரமாக இரண்டு ரூபாய் நிற்குமானால் செலவை மீட்கவே ஓர் இலட்சம் உருப்படிகள் செய்ய வேண்டும். மாதம் பத்தாயிரம் உருப்படிக்கு ஆர்டர் வந்தால் பத்து மாதங்கள். ஆர்டர் வந்துசேர ஆறு மாதங்கள் ஆனால், மொத்தம் பதினாறு மாதங்கள்! அத்தனை மாதமும் அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பது ஒருபுறமிருக்க, வெறும் கணக்கின்படி பார்த்தாலும் இது தேறாத வாணிபம்.

அப்படியாயின் கண்காட்சியே வேண்டாமா? அவ்வாறு சொல்வதற்கில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் ஆபத்தை இவ்வட்டாரம் இருமுறை கண்டது. 2006-இல் இயங்கத் தொடங்கிய திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஓர் ஆலை நின்றால் அதனை மட்டுமே நம்பிய பட்டறையும் நிற்கும். இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுவது ஆடம்பரமன்று. குடும்பத்தைக் காக்கும் முன்னேற்பாடு. முன்பின் அறியாத பத்து நிறுவனங்களின் பொறியாளர்களை ஒரே கூரையின் கீழ், அவர்களுடைய வாயிற்காவலரைத் தாண்டும் தொல்லையின்றிச் சந்திக்க வேறு இடம் எது?

எனவே, செல்ல வேண்டும். ஆனால் முறையோடு செல்ல வேண்டும்.

முதலாவது, ஒரு கண்காட்சிக்கேனும் பார்வையாளராகச் சென்று வாருங்கள். நம்மைப் போன்ற வேலையை எத்தனை பேர் காட்டுகிறார்கள், அவர்களைத் தேடி வருவோர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டறையும் செய்யும் வேலையையே நாமும் செய்கிறோம் என்றால், அரங்கு எடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

இரண்டாவது, தனியே எடுக்க வேண்டாம். லேத் வேலை செய்பவர், வெப்பப் பதனம் செய்பவர், முலாம் பூசுபவர் என ஒருவருக்கொருவர் போட்டியில்லாத மூவர் சேர்ந்து, ஏற்பாட்டாளரின் இசைவோடு ஓர் அரங்கு எடுக்கலாம். செலவு மூன்றிலொன்றாகும், வருபவருக்கும் ஒரே இடத்தில் மூன்று வேலைகள் கிடைக்கும்.

மூன்றாவது, குறு, சிறு தொழில்களுக்கு அரங்கு வாடகையின் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. பெண்கள் நடத்தும் தொழிலகங்களுக்குச் சலுகை கூடுதல். கிண்டியிலுள்ள மத்திய அரசின் சிறுதொழில் வளர்ச்சி அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். பணம் பின்னரே வரும் என்பதை மறவாதீர்கள்.

நான்காவது, மிக முக்கியமானது. அரங்கில் வைப்பது மாதிரி. ஈரத் தானியத்தை அடியில் மறைத்துக் காய்ந்ததை மேலே பரப்பிய வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். பத்து நாள் மெருகிட்ட ஒரு துண்டை அரங்கில் வைத்துவிட்டு, பத்தாயிரத்தை அவ்வாறு செய்ய இயலாதவர் செய்வதும் அதுவே அல்லவா? அன்றாடம் பட்டறையிலிருந்து வெளியேறும் உருப்படியையே வையுங்கள். நம் எந்திரத்தால் இயலாத நுணுக்கத்தைக் கேட்டால், ‘இயலாது’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லே நம்பிக்கையை உண்டாக்கும்.

ஐந்தாவது, பெற்றுவந்த விசிட்டிங் கார்டுகளை மேசையறையில் உறங்க விடாதீர்கள். ஒரு வாரத்திற்குள் ஒவ்வொருவருக்கும் கடிதமோ தொலைபேசி அழைப்போ போக வேண்டும். அரங்கின் பயன் கண்காட்சி முடிந்த பிறகே தொடங்குகிறது.

சகோதரிகளே! கணவரின் தொழிலுக்கு நகையைக் கழற்றித் தரும் உங்கள் மனம் பெரிது. ஆயினும் தருமுன் இக்கணக்கைக் கேளுங்கள். அடகுச் சீட்டில் தொடங்கும் அரங்கு வேண்டாம். தொழிலில் மிஞ்சிய பணத்தில், மூவர் கூடி, உண்மையான சரக்கோடு எடுக்கும் அரங்கு இன்றும் பயன் தரும். முயற்சி நம்முடையது; பரக்கத் அல்லாஹ்வுடையது.